வெட்பாலைக்கு ரோஸ் கலர்

எங்கள் சபையில் பரிபூரணம் அக்காவைப் பற்றிக் கேட்டால், "கை நடுங்குமே, அந்தப் படம் போடுற அக்காவா?" என்பார்கள். கை நடுங்கினால் எப்படி ஐயா படம் போடமுடியும்? முதலில் வரைந்தாள், பிறகு நடுங்கியது. இந்த ஊரில் யாரும் எதையும் முன்பின் பார்த்துப் பேசுவதில்லை. அதனால்தான் நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அக்கா போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் ஞானதுரை அத்தானும் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சொன்னால் யாருக்கும் வலிக்காது.

நான் அக்காவுக்கு ஓரகத்தி. அண்ணனுக்கு அவள், தம்பிக்கு நான். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து, தின்று, தூங்கி, போய்விடுவார். ராஜபாளையத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் எங்களுக்கு இரண்டு வீடு, ஒரே அடுப்பு. அத்தான் நூல் மில்லில் ஃபிட்டர். அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் துறையின் ஆர்ட்டிஸ்ட். அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேர், தண்டு, பூ என்று பெரிய பெரிய சார்ட் வரைந்து சுவரில் தொங்கவிட வேண்டும்.

"எலைய வரையதுக்கெல்லாம் சம்பளமாக்கா?" என்று சிரித்தேன்.

"நீ சோறு பொங்குததுக்குச் சம்பளம் கெடையாது. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு இருந்த ஒன்றும் ஹாஸ்டலில் படித்தது. அதனால் நாங்கள் இருவரும் அடித்துக்கொள்ளவும் கூடிக்கொள்ளவும் நிறைய நேரம் கிடைத்தது.

எண்பத்திரண்டு வாக்கில் சேதுபதி சார் துறைத்தலைவராக வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அதிர்ந்து பேசாத மனிதர். செண்பகத்தோப்பு மலையடிவாரத்துச் செடிகொடிகள், மரங்கள் எல்லாவற்றையும் படத்தோடு ஒரு புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவருக்கு இளவயதிலிருந்தே ஆசை. அக்காவின் சார்ட்டைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, "சார்ட்டு போதும்மா. இனி உசுரோட இருக்க செடியப் பாத்து வாட்டர் கலர்ல வரைங்க. புத்தகத்துல என் பேருக்குப் பக்கத்துலயே உங்க பேரும் வரும்" என்றார்.

அக்கா அன்று வீட்டுக்கு வந்து காபி கூடக் குடிக்கவில்லை. "என் பேரு வருமாம் தங்கபாய். அச்சுல" என்று மட்டும் சொன்னாள். நகை கேட்காதவள், சேலை கேட்காதவள். கல்யாண வீட்டுக்குக் கூட என் சேலையைக் கட்டிக்கொண்டு வருவாள். அவளுக்கு அந்தப் புத்தகம் வேண்டும், அவ்வளவுதான். மீதி வாழ்க்கை முழுவதும் அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை, கர்த்தரிடம் கூட.

அந்த வேலையின் பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன். செண்பகத்தோப்பிலிருந்து வேல்சாமி என்று ஒருவர் காலை பஸ்ஸில் செடியைக் கொண்டுவருவார். வாடாமலிருக்க ஈர பேண்டேஜ் துணியில் சுற்றியிருக்கும். ஊர் ஊராகத் தறியில் பேண்டேஜ் துணி நெய்கிற எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமா என்ன? அதைப் பிரித்து சொம்புத் தண்ணீரில் வைத்த நிமிடத்திலிருந்து அக்கா மனுஷியே இல்லை. பூ வாடுவதற்குள் பூவை முடிக்க வேண்டும். இலை மறுநாள் வரை தாங்கும். கூப்பிட்டால் கேட்காது. பால் பொங்கினால் தெரியாது. பிரஷ் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து வைத்து எடுப்பாள். சாயங்காலம் பார்த்தால் நாக்கெல்லாம் பச்சை. "இன்னைக்கு என்ன கீரைக்கா?" என்று கேட்பேன். நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

அடுப்பில் நான் ஒருத்தியே கிடந்து வேகிறேனே என்று எனக்கு எரிச்சல் வராமல் இல்லை. பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன். அதுவும் அவள் காதில் விழாது. அப்படிப்பட்டவளோடு எப்படிச் சண்டை போடுவது?

சேதுபதி சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு செடிக்கு ஒரு தாள். அந்த ஒரே தாளில் இலையும் பூவும் வேண்டும், அதே செடியின் காயும் வேண்டும். ஓரத்தில் காயை இரண்டாக வெட்டியது, விதை, பூவைப் பிரித்துவைத்தது எல்லாம் சின்னச் சின்னதாக வேண்டும். பூ ஒரு மாதம், காய் ஒரு மாதம். ஆகவே பங்குனியில் பாதி வரைந்த தாள், ஆவணி வரை வெற்றிடத்தோடு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அந்த ஆவணியில் மழை பொய்த்து மரம் காய்க்காவிட்டால் அடுத்த வருடம். எண்பதுகளின் கடைசியில் காடு சரணாலயமாகிவிட்டது. நினைத்தவுடன் போய்ப் பறிக்க முடியாது, அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வருவதற்குள் காய் வெடித்துப் பறந்திருக்கும். திரும்ப ஒரு வருடம். இப்படியே பத்து வருடத்துக்கு மேல் போயிற்று. கல்லூரியில் கூரை ஒழுகி, கரையான் ஏறியதால் தாள்களையெல்லாம் வீட்டிலேயே, கட்டிலுக்கடியில், நியூஸ் பேப்பர் இடைவிட்டு, காய்ந்த வேப்பிலை போட்டு வைத்திருந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கா வெள்ளை பெயின்ட் வாங்கவே மாட்டாள். வெள்ளைப் பூ என்றால் தாளை அப்படியே விட்டுவிடுவாள். சுற்றிலும் இலையின் பச்சையை, காம்பின் நிழலைக் கொண்டுவரக் கொண்டுவர, தொடாமல் விட்ட இடத்தில் பூ வந்து நிற்கும். வெட்பாலைப் பூவை அவள் வரைந்தபோது பக்கத்தில் இருந்தேன். பூவுக்கு ஒரு சொட்டு கலர் செலவழிக்கவில்லை. ஆனால் அந்தப் பூ மணக்கும் போலிருந்தது.

பூச்சி அரித்த இலை வந்தால் ஓட்டையோடு வரைவாள். அத்தான் எட்டிப் பார்த்து, "ஏட்டி, நல்ல எலையாப் பாத்துப் பறிச்சுட்டு வரச் சொல்லக் கூடாதா? மெனக்கெட்டு ஓட்டைய வரையுத?" என்பார்.

"பூச்சி தின்னுருக்குங்க. நான் என்ன செய்ய?"

"அது தின்னா நீ ஒட்டுப்போட மாட்டியாக்கும்" என்று சிரித்துக்கொண்டே போவார். நல்ல மனிதர். அதையும் நான் சொல்லியாக வேண்டும். ஷிப்டு முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வருகிறவர், அவள் வரைந்துகொண்டிருந்தால் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே குழாயடியில் உட்கார்ந்திருப்பார். மில்லில், "எம்பொண்டாட்டி வரைஞ்சா ஈ வந்து ஒக்காரும்லே" என்று பீற்றிக்கொள்வார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

தொண்ணூற்றிரண்டில் அக்காவின் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி தம்ளர் தட்டில் மோதி டிக்டிக் என்றது. "பயித்தியக்காரி, தூங்காமக் கெடந்து வரஞ்சா நடுங்கத்தான் செய்யும்" என்று நான்தான் திட்டினேன். தூங்கியும் நிற்கவில்லை. ராஜபாளையத்து டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. சாரிடம் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. இன்னும் கொஞ்சம் தாள்கள்தான் காய்க்காகக் காத்திருந்தன.

அவற்றை எப்படி முடித்தாள் தெரியுமா? மேசைமேல் கையை வைத்து, மணிக்கட்டை மேசைச் சட்டத்தோடு சேர்த்து நான் பேண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டுவேன். விரல் மட்டும் அசையும். கட்டின கையோடு ஒரு கோடு இழுப்பாள், மூச்சை விடுவாள், அடுத்த கோடு. கை மரத்துப்போய் நீலம் பாயும். "அவுக்கட்டாக்கா?" என்றால், "செத்த நேரம் இரு" என்பாள். கட்டும்போது எனக்கு அழுகை வரும். அவளுக்கு வராது.

தொண்ணூற்றி நான்கு ஆவணியில் கடைசித் தாள் முடிந்தது. அது அந்த வெட்பாலைதான். பூவை நல்ல கை வரைந்தது, ஜோடி ஜோடியாகத் தொங்கும் காயைக் கட்டிப்போட்ட கை வரைந்தது. எது எந்தக் கை என்று சேதுபதி சாருக்கே தெரியவில்லை. தை மாதம் சிவகாசியில் அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கித் தந்தாள். தட்டிலிருந்து அவளால் எடுத்துச் சாப்பிட முடியவில்லை. கடை வாசலில் நின்று நான் ஊட்டிவிட்டேன். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஓடு ஒழுகி, கட்டிலுக்கடியில் தண்ணீர் போய்விட்டது. டிரங்குப் பெட்டியின் மூலையில் ஈரம் ஏறி ஒரு தாளின் ஓரம் பழுத்துவிட்டது. ஓரம்தான், படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா உடைந்துபோய்விட்டாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு, "இது போச்சுன்னா இனி என்னால ஆவாதே, என்னால ஆவாதே" என்று அழுதாள். அத்தான் ஈரத்தலையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

கார்த்திகையில் அக்காவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சோதனை செய்யவேண்டி வந்தது. துணைக்கு நான் போனேன். அத்தானுக்கு லீவு இல்லை. இது சரியாகிற வியாதி இல்லை, கூடிக்கொண்டேதான் போகும், பிறகு காலும் பேச்சும் கூடப் போகலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, "படம் முடிஞ்சிட்டுல்லா. பொறவு என்ன" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அத்தான் எங்கள் இருவரையும் கோயிலுக்கு அனுப்பி வைத்தார். திரும்பி வந்து பார்த்தால் வீட்டு வாசலில் ஏழெட்டுச் செருப்பு. அக்கம்பக்கத்தார், மில் ஆட்கள் இரண்டு பேர், போதகரம்மா. உள்ளே சுவர் முழுவதும் பெட்ஷீட் போட்டு மூடியிருந்தது. அத்தான் புதுச்சட்டை போட்டிருந்தார். அக்காவைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நடுவீட்டில் நிறுத்திவிட்டு, பெட்ஷீட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார்.

லேமினேஷன். ஒன்று விடாமல், அத்தனை தாளையும் பலகையில் ஒட்டி, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் தாள் ஏற்றி, ஓரம் சரித்துக் கறுப்படித்து, தங்கக் கோடு போட்டு.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். எங்கள் ஜனங்கள் ஒன்றை உயிராக மதித்தால் அதை லேமினேஷன் போட்டுவிடுவார்கள். கல்யாண போட்டோ, செத்துப்போன மாமனார், வருடப் பிறப்புக்குச் சபையில் கொடுக்கிற வேத வசன அட்டை எல்லாம் அப்படித்தான் எங்கள் வீடுகளில் மாட்டியிருக்கும். தண்ணீர் பட்டாலும் போகாது, துடைத்து வைத்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளையின் பரீட்சை சர்டிபிகேட்டைக் கூட விடமாட்டார்கள். அத்தானுக்கு வேறு என்ன தோன்றும்? மழையில் நனைந்து அவள் அழுததைப் பார்த்த மனிதர். அதுவும் மதுரை டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு. பெட்டியை அவர் எப்போது காலி செய்தாரோ, தை மாதம் திறந்தால் போதும் என்று நாங்கள் இருவரும் அதைத் தொடவே இல்லை.

"இனி எம்புட்டு மழ பேஞ்சாலும் ஒண்ணும் ஆவாது பரிபூரணம்" என்றார். "தாளு ரொம்ப கெட்டியா இருக்கு, பலகையில ஒட்டாதுன்னுட்டான் ஸ்டூடியோக்காரன். தண்ணியில ஊறப்போட்டு பின்பக்கத்த உரிச்சிருக்கான். அதுல கலரு செத்த கரைஞ்சுட்டு. பயப்படாதீங்க அண்ணாச்சின்னு அவனே அம்புட்டுக்கும் டச்சப் பண்ணிக் குடுத்துட்டான். பூச்சி அரிச்ச எலையெல்லாம் பாரு, ஓட்டைய அடைச்சுட்டான்! வெள்ளைப் பூவு எடுப்பா இல்லன்னு ரோஸ் கலர் குடுத்துருக்கான்."

நான் வெட்பாலையைத் தேடினேன். செம்பருத்தியும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் ஏதோ ஒரு பூ அந்தப் பலகையில் இருந்தது. இலையெல்லாம் ஒரே கிளிப்பச்சை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதே கிளிப்பச்சை. பலகை அளவுக்குச் சரியாக வரவேண்டும் என்று ஓரங்களை வெட்டியிருந்தான். விதையும், வெட்டின காயும், பிரித்துவைத்த பூவும் எதிலும் இல்லை.

அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு சுவர் முடிந்து அடுத்த சுவர், ஒவ்வொன்றாக. பிறகு, "ஓரத்துல வெட்டுனதெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"அது துண்டு துண்டாக் கெடந்துச்சு. அத எதுக்கு? குப்பையில போட்டுருப்பான்."

அக்கா தலையாட்டினாள். "நல்லாருக்குங்க" என்றாள். அத்தான் அத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிட்டார். போதகரம்மா ஜெபம் பண்ணினார்கள். நான் கண்ணை மூடவில்லை.

சமையல் வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தினேன். "நான் சொல்லத்தான் போறேன். கேக்காம கொள்ளாம பொட்டியத் தொறந்து கெடுத்து வச்சுருக்காவ. இவியளுக்கு யாரு குடுத்தா அந்த உரிம?" என்று கரண்டியை வீசினேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் நடுக்கம் என் கையிலும் ஏறியது. "சொல்லாத. அவியளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாவ. தாளு போச்சு. ஆளுமா போணும்?"

"அப்ப புத்தகம்?"

வெளியே அத்தான் யாருக்கோ கேக் வெட்டிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. கடைசியில், "நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போ" என்றாள்.

பண்டிகை முடிந்த மறுநாள் நான் சேதுபதி சார் வீட்டுக்குப் போனேன். பஸ் முழுக்கச் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவுடன் எல்லாம் மறந்துபோய் ஒரே வாக்கில் கொட்டிவிட்டேன்.

"எல்லாமேவா?"

"எல்லாந்தான் சார்."

"அதயே போட்டோ புடிச்சாலும் பிரயோஜனம் இல்லம்மா. அந்தக் கலர வச்சு ஒருத்தன் அந்தச் செடியத் தேடிப்போனா அது கெடைக்காது. அது பொய்யாயிரும்" என்றார். பிறகு, "அந்தம்மா என்ன சொல்லிவிட்டாங்க?" என்று கேட்டார்.

புத்தகம் நின்றுபோனதற்கு அத்தான் காரணம் என்று அத்தானுக்குத் தெரியக் கூடாது. சார்தான் வந்து, புத்தகம் போடுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதுதான் அக்கா கேட்டது. ஒரு மனிதனின் ஆயுள் ஆசையை அவன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கேட்க எனக்குக் கூசியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வாரேன்னு சொல்லுங்க" என்றார்.

வந்தார். பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தான் அவரைச் சுவர் சுவராக நிறுத்திப் படங்களைக் காட்டினார். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு உட்காராமலேயே, "புத்தகம் வராதுங்க. எனக்கு ரிட்டயர்மென்ட் வருது. இனி அதக் கட்டி இழுக்க எனக்குத் தோதில்ல. விட்டுட்டேன்" என்றார்.

அத்தான் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "என்னய்யா சொல்லுதீரு? தோதில்லையா? பன்னெண்டு வருசம் எம்பொண்டாட்டி கண்ணயும் கையையும் தின்னுட்டு, இப்பத் தோதில்லையா? கையக் கட்டிப் போட்டு வரஞ்சாளேய்யா! நீரெல்லாம் படிச்ச மனுசனா?" தெருவில் கூட்டம் கூடிவிட்டது. அத்தான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். சார் விலக்கிக்கூட விடவில்லை. "மன்னிச்சிருங்க" என்றார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சார் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். தெருமுனைவரை நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றவரிடம் என்ன பேசுவது? பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த வருடமே அவர் மகனோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். வேறு யாரையாவது வைத்துப் படம் போட்டிருக்கலாம். போடவில்லை.

அத்தான் விடவில்லை. மில் வாசலில், கறிக்கடையில், சபையில், "ஒரு வாத்தியான் எம்பொண்டாட்டியோட உழைப்பக் குழியில போட்டுட்டான்" என்பதைச் சொல்லாத நாள் கிடையாது. யார் வந்தாலும் படங்களைக் காட்டி அதையும் சொல்லுவார். அக்கா அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் என்னிடம், "எம் பேரு வரணும்னு ஆசப்பட்டேன். அந்த மனுசன் பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன்" என்றாள். உண்மைதானே அது.

தொண்ணூற்றாறில் ஒருநாள், கையைக் கட்டு என்றாள். வாசலில் முளைத்த தும்பையைப் பிடுங்கி வைத்திருந்தாள். கட்டினேன். பிரஷ்ஷை விரலிடுக்கில் செருகிவிட்டேன். தாளில் பச்சையாக ஒரு கிறுக்கல் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. "அவுத்துரு" என்றாள். அவிழ்த்தேன். பிரஷ்ஷையெல்லாம் அவளே அடுப்பில் போடச் சொன்னாள். மயிர் பொசுங்கிய நாற்றம் ரொம்ப நேரம் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னபடியே நடந்தது. கால் போயிற்று. பேச்சு குழறிக் குழறி, ஒருநாள் நின்றுபோயிற்று. கழுத்தைக் கூடத் திருப்ப முடியாது. கண் மட்டும் நன்றாக இருந்தது. கர்த்தர் எதை எடுக்க வேண்டுமோ அதை எடுக்காமல் விட்டுவிட்டார் என்று நான் சபையில் வைத்தே சொன்னேன். போதகரம்மாவுக்குக் கோபம்.

அத்தான் ஷிப்டுக்குக் கிளம்புமுன் அக்காவைக் குளிப்பாட்டி, தலைவாரி, பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டுப் போவார். "அவ படத்தப் பாத்துக்கிட்டே இருக்கட்டும் தங்கபாய். அது ஒண்ணுதான அவளுக்கு இருக்கு" என்பார். அவர் தெரு திரும்பியதும் நான் நாற்காலியை வாசல் பக்கம் திருப்புவேன். ரோட்டில் போகிற ஆட்டையும் ஆட்டோவையும் அக்கா பார்ப்பாள். அவர் வரும் நேரத்துக்குத் திரும்பச் சுவர்ப் பக்கம். இப்படி இரண்டு வருடம் ஓட்டினேன்.

தொண்ணூற்றெட்டில் அத்தானுக்கு வேலை முடிந்தது. மாலையும் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து முழுநாளும் அவளுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஈரத்துணியால் ஒவ்வொரு படமாகத் துடைப்பார். "இந்தா, இது குமிழு. இது செங்காந்தள். ஞாபகம் இருக்கா?" என்று கேட்பார். நாற்காலியைத் திருப்ப எனக்கு வழியில்லாமல் போயிற்று. காலை முதல் விளக்கு வைக்கிறவரை அவள் கண்ணுக்கு முன்னால் அந்தக் கிளிப்பச்சைதான்.

ஒருநாள் அவர் மருந்து வாங்கப் போனபோது நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். "அக்கா, என்னால பாக்க முடியல. சொல்லிருதேன். ஒரே ஒரு வார்த்த. படத்தையெல்லாம் எறக்கச் சொல்லிருதேன். சரின்னா கண்ண மூடுங்க" என்றேன்.

அவள் கண்ணை மூடவில்லை. மூடிவிடக் கூடாது என்று இமையை விரித்து, இமைக்காமல் என்னையே பார்த்தாள். எரிந்து எரிந்து கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்போதும் மூடவில்லை.

அத்தான் மருந்தோடு உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்தைக் கீழே வைத்தார். துண்டால் அவள் கண்ணை ஒற்றி எடுத்தார். "பாத்தியா தங்கபாய்? பேச முடியாட்டாலும் சந்தோசத்துல கண்ணு நெறஞ்சு போவுது அவளுக்கு" என்றார்.

பிறகு நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, சுவருக்கு இன்னும் கிட்டத்தில் நகர்த்தி வைத்தார்.